புழு ஊசி கேட்கும் ஆட்டுக்காரர்களுக்கு



ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து மந்தையை ஓட்டிவந்து தஞ்சை வயல்களில் கிடை போடும் கீதாரிகளுக்கும், காங்கேயத்துக் கொரங்காட்டில் செம்மறி மேய்ப்பவர்களுக்கும், அரசு கொடுத்த நாலு ஆட்டைப் பெருக்கிக் குடும்பம் நடத்தும் பெண்களுக்கும், ஊர் திரும்பிப் பரண் போட்டு வெள்ளாடு வளர்க்கும் இளைஞர்களுக்கும் சேர்த்தே இந்த மடல். உங்களில் ஒருவர் முறை மற்றவருக்குப் பிடிப்பதில்லை என்பது தெரியும். பரண்காரருக்குக் கீதாரி பழைய ஆள், கீதாரிக்குப் பரண்காரர் புத்தகம் படித்து ஆடு வளர்ப்பவர். ஆனால் கால்நடை மருத்துவனான என்னிடம் நீங்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "துள்ளுமாரிக்கு ஊசி இருக்கு, ஆட்டுக்கொல்லிக்கு இருக்கு, அம்மைக்கு இருக்கு. இந்த வயிற்றுப் பூச்சிக்கு மட்டும் ஏன் டாக்டர் தடுப்பூசி இல்லை?"

இருக்கிறது. 2014-லிருந்தே இருக்கிறது. நம் நாட்டில் இல்லை, அவ்வளவுதான். அது எங்கே கிடைக்கிறது, எப்படி வேலை செய்கிறது, நம் பட்டிக்கு வந்தால் என்ன ஆகும், வரும்வரை என்ன செய்வது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மருந்துக்கடையில் "புழு ஊசி" என்று கேட்டு வாங்கி, தோலுக்கடியில் போடுகிறீர்களே, அது தடுப்பூசி இல்லை. பெரும்பாலும் அது ஐவர்மெக்டின். ஊசியில் ஏற்றினாலும் அது மருந்துதான். வாயில் ஊற்றும் அல்பெண்டசோலைப் போலவே, அன்று வயிற்றில் இருக்கும் புழுவைக் கொல்லும், சில நாளில் உடம்பைவிட்டுப் போய்விடும். ஆட்டின் உடம்புக்கு அது எதையும் கற்றுத் தருவதில்லை. தடுப்பூசியோ புழுவைத் தொடுவதே இல்லை. ஆட்டின் ரத்தத்தைப் புழுவுக்கு எதிராகத் தயார் செய்கிறது. "போன மாதம்தானே தடுப்பூசி போட்டேன், மறுபடி எப்படிப் பூச்சி வந்தது?" என்று ஐவர்மெக்டின் பாட்டிலைக் காட்டிக் கேட்பவர்களிடம் நான் கோபப்படுவதில்லை. கடையில் அப்படிச் சொல்லி விற்கிறார்கள்.

இனி எதிரியைப் பற்றி. ஆட்டின் வயிற்றில் பலவகைப் புழுக்கள் உண்டு. அவற்றில் உயிரை வாங்குவது ஹீமாங்கஸ் கன்டார்டஸ். அசை போடும் பிராணிக்கு வயிறு நாலு அறை என்பது உங்களுக்குத் தெரியும். நாலாவது அறையில், நம் வயிற்றைப் போல அமிலம் சுரக்கும் அந்த உண்மை வயிற்றில், சவ்வைக் கிழித்து ரத்தம் குடித்து வாழ்கிறது இது. பெண் புழு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ரத்தம் நிறைந்த சிவப்புக் குடலும் வெள்ளை முட்டைப்பையும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போவதால், முறுக்கிய இரண்டு நிற நூல்போல் தெரியும். கசாப்புக்கடையில் வயிற்றைக் கழுவும்போது உன்னிப்பாகப் பார்த்தவர்கள் கண்டிருப்பீர்கள்.

ஒரு புழு ஒரு நாளைக்கு 0.05 மில்லி ரத்தம் இழுக்கும் என்பது கணக்கு. கேட்க ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். ஆயிரம் புழு சேர்ந்தால் தினம் 50 மில்லி. இருபது கிலோ ஆட்டின் மொத்த ரத்தமே ஒன்றேகால் லிட்டர் அளவுதான். ஒரு வாரத்தில் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அதனால்தான் இந்தப் புழு கழிச்சலைக் காட்டுவதில்லை. புழுக்கை கெட்டியாகவே இருக்கும், ஆடு மேயும், ஆனால் கண் வெளுக்கும், தாடைக்கடியில் நீர் கோத்துப் பை போலத் தொங்கும், ஓட்டிப் போகும்போது பின்தங்கிப் படுக்கும். நல்ல சதைப்பிடிப்புள்ள ஆடுகூட மழைக்காலத்தில் திடீரென்று விழுந்து செத்துப்போகும். பாம்பு கடித்தது என்றும் செய்வினை என்றும் பெயர் வாங்கிய பல சாவுகளை அறுத்துப் பார்த்தால் நாலாவது வயிற்றில் விடை கிடக்கும்.

இனப்பெருக்கத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. ஒரு பெண் புழு ஒரு நாளில் 5,000 முட்டைக்கு மேல் இடும். ஆயிரம் புழுவில் பாதி பெண் என்றால், ஒரே ஆட்டின் புழுக்கையில் தினம் 25 லட்சம் முட்டை மேய்ச்சல் நிலத்தில் விழுகிறது. ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் அவை பொரிந்து, தொற்றும் பருவத்துக்கு வந்து, பனித்துளி வழியே புல்நுனிக்கு ஏறிக் காத்திருக்கும். ஆடு அதை மேய்ந்த மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை முட்டையிடத் தொடங்கிவிடும். ஐப்பசி தொடங்கித் தை வரை உங்கள் பட்டியில் நடப்பது இதுதான்.

இந்தப் புழுவுக்குத்தான் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்குப் பக்கத்திலுள்ள மோர்டன் ஆராய்ச்சி நிலையம் தடுப்பூசி கண்டுபிடித்தது. டேவிட் ஸ்மித் என்ற விஞ்ஞானியின் குழு பல பத்தாண்டுகள் இதில் உட்கார்ந்திருந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் வேளாண் துறை கை கோத்தது. அங்குள்ள அல்பனி என்ற ஊரில் தயாரித்து, 2014 அக்டோபரில் பார்பர்வேக்ஸ் என்ற பெயரில் ஆஸ்திரேலியச் செம்மறிகளுக்காகச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு தென்னாப்பிரிக்காவில் வயர்வேக்ஸ் என்ற பெயரில் போனது. ஆட்டின் குடலிலும் வயிற்றிலும் வாழும் உருளைப் புழுவுக்கு எதிராக விற்பனைக்கு வந்த முதல் தடுப்பூசி இதுதான்.

ஏன் இத்தனை காலம் பிடித்தது என்று கேட்பீர்கள். முயற்சி அறுபதுகளிலேயே தொடங்கியது. மாடுகளின் நுரையீரல் புழுவுக்குக் கதிர்வீச்சில் வலுவிழக்க வைத்த புழுக்குஞ்சுகளைக் கொடுத்துத் தடுப்பாற்றல் உண்டாக்கும் முறை 1959-லேயே பிரிட்டனில் விற்பனைக்கு வந்திருந்தது. நம் காஷ்மீரத்துச் செம்மறிகளின் நுரையீரல் புழுவுக்கும் இதே முறையில் இந்தியக் கால்நடை விஞ்ஞானிகள் தடுப்பூசி செய்து பயன்படுத்தினார்கள். பெருமையாகச் சொல்ல வேண்டிய இந்தச் செய்தி நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் அதே வழியை ஹீமாங்கஸில் முயன்றபோது வளர்ந்த ஆட்டில் பலித்தது, குட்டியில் பலிக்கவில்லை. யாருக்குக் காப்பு மிகவும் தேவையோ அவர்களிடம் தோற்றது. தோற்றதற்குக் காரணமும் இருந்தது. இந்தப் புழுவுக்கு எதிராக இயற்கையான தடுப்பாற்றலை உண்டாக்கிக்கொள்ளும் முதிர்ச்சி குட்டிக்கு வரவில்லை.

மோர்டன் குழுவும், கேம்பிரிட்ஜுக்கு அருகில் பாப்ரகாம் என்ற ஊரில் இருந்த இன்னொரு குழுவும் வேறு பக்கமாக யோசித்தார்கள். புழுவின் வெளித்தோலை விட்டுவிட்டு, அதன் குடலின் உள்சுவரைப் பார்த்தார்கள். அந்தச் சுவரில் ரத்தத்தைச் செரிக்க உதவும் சில புரதங்கள் இருக்கின்றன. சாதாரணமாக ஆட்டின் உடம்பு அவற்றைப் பார்ப்பதே இல்லை, புழுவின் வயிற்றுக்குள்ளே அல்லவா இருக்கின்றன. அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்து ஆட்டுக்கு ஊசியாகப் போட்டால், ஆட்டின் ரத்தத்தில் அதற்கு எதிரான எதிர்ப்புப் பொருள் உருவாகி ஓடிக்கொண்டிருக்கும். புழு வந்து ரத்தத்தைக் குடிக்கும்போது எதிர்ப்புப் பொருளையும் சேர்த்தே குடிக்கும். அது போய்க் குடல்சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிறகு புழுவுக்குச் செரிமானம் நடக்காது. முட்டை குறையும், மெலியும், சாகும். விருந்துக்கு வந்தவனுக்குச் சோற்றிலேயே பேதி மருந்து வைத்த கதை.

இதன் அழகு என்னவென்றால், இந்த வழி குட்டியிலும் பலிக்கிறது. மாட்டு உண்ணிக்கு எதிராக ஆஸ்திரேலியாவில் 1994-ல் வந்த தடுப்பூசியும் இதே தத்துவத்தில்தான், ரத்தம் குடிக்க வரும் உண்ணியின் குடலைக் குறிவைத்துச் செய்தது.

இதன் குறையும் அதே இடத்தில்தான் பிறக்கிறது. இதைப் பற்றிப் பேசும் பலர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஒரு ஊசி போட்டால் மூன்று வருடம் கவலை இல்லை. இதுவோ புழுவுக்குள் மறைந்திருக்கும் புரதம். ஆடு மேய்ச்சலில் ஆயிரம் புழுவை விழுங்கினாலும் உடம்புக்கு அந்தப் புரதம் மறுபடி கண்ணில் படாது, நினைவு புதுப்பிக்கப்படாது. எதிர்ப்புப் பொருள் சில வாரத்தில் வடிந்துவிடும். ஆகவே முதல் பருவத்தில் மூன்று நாலு வார இடைவெளியில் மூன்று ஊசி. மூன்றாவது போட்ட பிறகுதான் காப்பு தொடங்கும். அதுவரை பழைய மருந்துதான் துணை. அதன் பிறகு ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஊசி. ஒரு டோஸ் 1 மில்லி, கழுத்துத் தோலுக்கடியில். அதில் இருக்கும் புரதம் வெறும் 5 மைக்ரோகிராம்.

பலன் எவ்வளவு? ஆடு வெளியேற்றும் ஹீமாங்கஸ் முட்டையில் 75 முதல் 95 சதவீதம் குறைகிறது. முழுசாக ஒழிப்பதில்லை. ஆனால் மந்தை முழுக்கப் போட்டால் மேய்ச்சல் நிலத்தில் விழும் முட்டை குறைந்து, அடுத்த மாதம் ஆடு மேயும் புல்லே சுத்தமாகிறது. ஆஸ்திரேலியாவில் பாதி வெற்றி இதில்தான். ஊசி போட்ட ஆட்டை அறுக்க நாள் கணக்குப் பார்த்துக் காத்திருக்கவும் வேண்டாம். இறைச்சியில் தங்கும் மருந்து என்று எதுவும் இதில் இல்லை.

இது ஹீமாங்கஸுக்கு மட்டுமே. மற்ற வயிற்றுப் புழு, குடல் புழு எதையும் தொடாது. டெல்டாவில் கிடை போடுபவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: வாய்க்கால் நத்தையிலிருந்து வரும் தட்டைப் புழுவும் ஈரல் புழுவும் உங்கள் ஆட்டை வாட்டினால், இந்த ஊசி இந்தியாவுக்கே வந்தாலும் உங்களுக்கு உதவாது. நாடாப் புழுவுக்கும் உதவாது.

சரி, இது நம் பட்டிக்கு வந்ததாகவே வைத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே காப்பு தொடங்க வேண்டும். ஆடி, ஆவணி, புரட்டாசியில் மூன்று ஊசி. பிறகு ஐப்பசிக் கடைசியில் ஒன்று, மார்கழியில் ஒன்று. ஒரு ஆட்டுக்கு ஐந்து ஊசி. நூறு ஆடு வைத்திருக்கும் கீதாரிக்கு ஐந்நூறு முறை ஆட்டைப் பிடித்து நிறுத்தும் வேலை. எல்லாத் தடுப்பூசியையும் போல இதையும் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். ஊர் ஊராகப் போகும் கிடைக்கு ஐஸ்பெட்டி எங்கே? ஆஸ்திரேலியாவில் ஆயிரக்கணக்கான செம்மறியை வேலிக்குள் அடைத்து, வரிசையாக ஓடவிட்டு, தானியங்கி ஊசித் துப்பாக்கியால் போட்டுக்கொண்டே போகிறார்கள். நாலு ஆடு வைத்திருக்கும் அக்காவுக்கு ஒரு பாட்டிலை உடைத்தால் மிச்சம் வீணாகும். இவை தீர்க்க முடியாத பிரச்சினைகள் இல்லை. ஆட்டுக்கொல்லி தடுப்பூசியை ஊர்ஊராகக் கொண்டுபோய்ப் போட்டது நம் கால்நடைத் துறைதான். ஆனால் அது மூன்று வருடத்துக்கு ஒரு நடை. இது ஒரு பருவத்துக்கு ஐந்து நடை.

தயாரிப்பதிலும் சிக்கல் உண்டு. மற்ற தடுப்பூசிகளில் கிருமியை உயிரணுக்களில் வளர்ப்பார்கள், அல்லது ஈஸ்ட்டிலோ பாக்டீரியாவிலோ புரதத்தைச் செய்வார்கள். இங்கே அந்த வழி எல்லாம் பார்த்துத் தோற்றுவிட்டார்கள். ஆய்வகத்தில் செய்த புரதம் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஆட்டைக் காக்கவில்லை. புழு தன் உடம்பில் அந்தப் புரதத்தை மடிப்பதும், அதன்மேல் சர்க்கரை மூலக்கூறுகளைப் பொருத்துவதும் தனி வித்தை. ஆகவே, ஆட்டுக்கு வேண்டுமென்றே புழு ஏற்றி, அந்த ஆட்டை அறுத்து, வயிற்றிலிருந்து புழுவைச் சேகரித்து, அதிலிருந்து புரதத்தைப் பிரிக்கிறார்கள். டோஸுக்கு மைக்ரோகிராம் கணக்கில் போதும் என்பதால்தான் இது கட்டுப்படியாகிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செம்மறி 7.4 கோடி, வெள்ளாடு ஏறக்குறைய 14.9 கோடி. அவ்வளவுக்கும் இப்படிச் செய்ய முடியுமா? முடியாது என்பது என் கருத்து. ஆனால் பெரிய செம்மறி மந்தைகளுக்கும், இனவிருத்திப் பண்ணைகளுக்கும் மட்டுமாவது கொடுத்துப் பார்க்கலாம்.

வெள்ளாட்டுக்காரர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஊசி செம்மறிக்கென்றே செய்தது, செம்மறிக்கென்றே சந்தைக்கு வந்தது. வெள்ளாடு வேறு பிறவி. மரத்தழையை எட்டிக் கடித்தே பழகியதால் புழுவோடு அதிகம் மோதாமல் வளர்ந்த இனம். அதனாலேயே புழுவுக்கு எதிரான இயற்கைத் தடுப்பாற்றல் செம்மறியைவிடக் குறைவு. மருந்தையும் அது வேகமாக உடம்பிலிருந்து வெளியேற்றிவிடும். செம்மறி அளவு மருந்து வெள்ளாட்டுக்குப் போதாமல் போவது இதனால்தான். அளவைக் கூட்டுவது உங்கள் வேலை இல்லை, மருத்துவரைக் கேளுங்கள். லெவமிசோல் போன்ற மருந்தில் கொஞ்சம் கூடினாலும் ஆடு துடிக்கும்.

நம்மிடம் திறமை இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். பன்றி நாடாப் புழுவுக்கு மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்த தடுப்பூசியைத் தொழிற்சாலை அளவில் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ். புழுவுக்கு எதிரான தடுப்பூசியை இந்தியாவிலேயே செய்கிறார்கள். ஆனால் ஆட்டு வயிற்றுப் புழு என்றால் ஏழைகளின் பிரச்சினை, செத்தால் கறிக்குப் போய்விடும், கணக்கில் ஏறாது. அதனால்தான் கேட்பாரில்லை.

இவ்வளவு சிரமம் இருக்கும் ஊசியை ஆஸ்திரேலியாவில் ஏன் விரும்பி வாங்குகிறார்கள்? அவர்களுக்கு வேறு வழி குறைந்துகொண்டே போகிறது. இந்தக் கதைதான் உங்களுக்கு முக்கியம்.

தயாபெண்டசோல் என்ற நவீனப் புழுமருந்து 1961-ல் வந்தது. அதற்குக் கட்டுப்படாத ஹீமாங்கஸ் பற்றிய செய்தி 1964-லேயே அமெரிக்காவிலிருந்து வந்துவிட்டது. 1981-ல் ஐவர்மெக்டின் வந்தபோது இனி பிரச்சினையே இல்லை என்றார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தென்னாப்பிரிக்காவில் அதையும் தாங்கும் புழு வந்துவிட்டது. 2009-ல் நியூசிலாந்தில் மோனெபான்டெல் என்ற புதிய வகை வந்தது. 2013-ல் அதே நாட்டிலேயே அதற்கு எதிர்ப்பு பதிவானது. தென்னிந்தியச் செம்மறிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளுக்கு அசையாத புழுக்கள் இருப்பது 2009-லேயே ஆய்வில் பதிவாகியிருக்கிறது. உங்கள் பட்டியில் அல்பெண்டசோல் வேலை செய்கிறதா என்று உங்களுக்குத் தெரியுமா? ஊற்றினோம், மழை நின்றது, ஆடு தேறியது. எது காரணம்?

எதிர்ப்பு எப்படி வளர்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்கொருமுறை மந்தை முழுக்க மருந்து ஊற்றச் சொல்லி நாங்கள்தான் உங்களுக்குப் பழக்கினோம். ஒவ்வொரு முறையும் மருந்துக்குச் சாகும் புழு செத்துப்போகும், மருந்தைத் தாங்கும் ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சி முட்டையிடும். மேய்ச்சல் நிலத்தில் மருந்து படாத சாதாரணப் புழுக்கள் நிறைய இருந்தால் இந்த வலுவானவை அவற்றோடு கலந்து நீர்த்துப்போகும். கோடையில் நிலத்தில் புழுவே இல்லாத நேரத்தில், எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் ஊற்றினால், அடுத்த மழையில் வருவதெல்லாம் மருந்தைத் தாங்கியவற்றின் வாரிசு. கண்ணால் பார்த்து எடை மதிப்பிட்டுக் குறைத்து ஊற்றுவது இன்னும் மோசம். நாற்பது கிலோ கிடாவுக்கு முப்பது கிலோ அளவில் ஊற்றினால், புழுவுக்குப் பயிற்சி கொடுத்ததாகத்தான் ஆகும்.

தடுப்பூசி இந்த வலையிலிருந்து வெளியே வர ஒரு வழி, அவ்வளவே. மருந்தின் இடத்தில் அதை வைக்க முடியாது. மருந்து ஊற்றும் தடவையைக் குறைத்து, இருக்கும் மருந்து இன்னும் சில காலம் வேலை செய்யும்படி காப்பதுதான் அதன் பயன். ஆஸ்திரேலியாவிலும் அதையும் மேய்ச்சல் மாற்றத்தையும் புழுக்கைப் பரிசோதனையையும் சேர்த்துத்தான் செய்கிறார்கள். அந்த மீதி இரண்டுக்கும் கப்பல் ஏறி எதுவும் வரத் தேவையில்லை.

கண்ணைப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். தென்னாப்பிரிக்காவில் ஃபஃபா மலான் என்ற கால்நடை மருத்துவர் உருவாக்கிய முறை இன்று உலகமெங்கும் அவர் பெயரால் ஃபமாச்சா என்று நடக்கிறது. கீழ் இமையை மெல்ல இழுத்து உள்சவ்வின் நிறத்தை ஐந்து வண்ண அட்டையோடு ஒப்பிடுவது. நல்ல சிவப்பு என்றால் மருந்து வேண்டாம். வெளுத்தால் வேண்டும். நடுவில் இருந்தால், குட்டிக்கும் சினை ஆட்டுக்கும் கொடுத்துவிடலாம். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் தெரியவரும்: மந்தையில் பெரும்பகுதிப் புழுவைச் சுமப்பது ஒரு சிறு பங்கு ஆடுகள்தான். அவற்றுக்கு மட்டும் ஊற்றினால் மற்றவை மருந்து படாத புழுவை நிலத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அது தேவை. திரும்பத் திரும்ப வெளுக்கும் ஆட்டை அடுத்த சந்தைக்கு ஓட்டிவிடுங்கள், அதன் குட்டியை இனத்துக்கு நிறுத்தாதீர்கள். புழுவைத் தாங்கும் குணம் வம்சத்தில் வருவது. வங்காளத்தின் சதுப்பு நிலத்தில் வாழும் கரோல் செம்மறிக்கு அந்தக் குணம் நன்றாகவே உண்டு என்று மகாராஷ்டிரத்தில் நடந்த ஆய்வுகள் காட்டின. மேச்சேரியிலும் வேம்பூரிலும் கீழக்கரிசலிலும் அப்படிப்பட்ட தாய்கள் இருக்கும். கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள்தான், ஏனென்றால் தினமும் பார்ப்பவர் நீங்கள். ஒரு எச்சரிக்கை: உண்ணி, பேன், ரத்த ஒட்டுண்ணிக் காய்ச்சலிலும் கண் வெளுக்கும்.

பனி காய்ந்த பிறகு மேய்ச்சலுக்கு விடுவது உங்கள் தாத்தா சொன்னது. அது அறிவியல்தான். புழுக்குஞ்சு ஈரம் இருக்கும்போது புல்லில் ஏறும். ஓட்ட மேய்ந்த புல்லில்தான் அது மிகுதி. அகத்தி, சூபாபுல், வேலிக் கிளுவை என்று உயரத்தில் தழை கட்டித் தொங்கவிடுவது வெள்ளாட்டுக்குப் பாதி மருந்து. பரண்காரர்கள் இதில் அதிர்ஷ்டசாலிகள், ஆனால் ஆற்றங்கரையில் அறுத்த பச்சைப் புல்லை ஈரத்தோடு கொண்டுவந்து போட்டுவிட்டு "பரணில் எப்படிப் புழு வந்தது" என்று கேட்காதீர்கள்.

கொரங்காட்டுக்காரர்களுக்கு ஒரு செய்தி. பசிபிக் தீவான டோங்காவில் வெள்ளாடுகளை வைத்துத் தொண்ணூறுகளில் ஒரு சோதனை செய்தார்கள். மேய்ச்சல் நிலத்தைப் பத்துப் பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் மேயவிட்டு, முப்பத்தைந்து நாள் கழித்தே முதல் பாத்திக்குத் திரும்பினார்கள். ஒரு பாத்தியில் விழுந்த முட்டை தொற்றும் பருவம் அடைவதற்குள் ஆடு அங்கிருந்து போய்விடும், திரும்பி வரும்போது வெப்பநாட்டில் அந்தப் புழுக்குஞ்சுகளில் பெரும்பாலானவை செத்திருக்கும். மருந்து ஊற்ற வேண்டிய தடவை கணிசமாகக் குறைந்தது. உங்கள் கொரங்காட்டில் கிளுவை வேலியும் பாத்திப் பிரிப்பும் முன்னோர் போட்டு வைத்ததே இருக்கிறது. நாள் கணக்கை மட்டும் மழைக்காலத்தில் மாற்றிப் பாருங்கள்.

எட்டயபுரம் சந்தையிலோ வேறெங்கோ வாங்கிய ஆட்டை நேரே மந்தையில் சேர்க்காதீர்கள். அது கொண்டுவருவது பிறர் பட்டியில் எந்த மருந்தையும் தாங்கிப் பழகிய புழுவாக இருக்கலாம். தனியாகக் கட்டி, மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுத்து, புழுக்கையைப் பார்த்த பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். சினைப்பட்ட முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கூடாது என்பதையும் எழுதி ஒட்டிவையுங்கள். ஈன்ற சமயத்தில் தாயின் தடுப்பாற்றல் இறங்கி முட்டை பெருகும். அப்போதுதான் அதன் கண்ணை அதிகம் பார்க்க வேண்டும்.

கடைசியாக உங்களிடம் இரண்டு வேண்டுகோள்.

ஒன்று, கேட்க வேண்டியவர்களிடம் சேர்ந்து கேளுங்கள். 2019 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 45 லட்சம் செம்மறியும் 99 லட்சம் வெள்ளாடும் இருந்தன. இவ்வளவு ஆட்டுக்காரர்கள் இருந்தும் புழுவுக்கு என்ன செய்கிறீர்கள் என்று ஒரு கிராமசபையிலும் தீர்மானம் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. இந்தப் புழுத் தடுப்பூசியைத் தருவித்து நம் இனங்களில், நம் மழைக்காலத்தில், செம்மறியிலும் வெள்ளாட்டிலும் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கால்நடைத் துறைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் எழுதுங்கள். உங்கள் சங்கத்தின் முத்திரை போட்டு அனுப்புங்கள். தனி ஆள் மனுவுக்கு ரசீதுதான் வரும்.

இரண்டாவது, இந்த மழைக்காலத்துக்கு முன்பே செய்யக்கூடியது. அடுத்த முறை மந்தைக்கு மருந்து ஊற்றும் அன்று, பத்துப் பதினைந்து ஆட்டின் ஆசனவாயிலிலிருந்து நேரடியாக எடுத்த புழுக்கையைத் தனித்தனிப் பையில் ஆட்டின் அடையாளத்தோடு கட்டி, மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்குக் கொடுங்கள். ஊற்றிய பத்து முதல் பதினான்கு நாளுக்குள் அதே ஆடுகளிடமிருந்து மறுபடி எடுத்துக் கொடுங்கள். இரண்டு முட்டை எண்ணிக்கையையும் ஒப்பிட்டு 95 சதவீதத்துக்குக் குறைவாகக் குறைந்திருந்தால், அந்த மருந்து உங்கள் பட்டியில் தேய்ந்துவிட்டது. அதன்மேல் இனி காசு போடாதீர்கள்.